விண்கலத்துக்குள் ஒரு பஸ் ஓட்டுநர்

அடுத்த வாரம் முதல் நீங்கள் வழிகாட்டிகளாகப் பார்வையாளர்களின் முன்னால் நிற்கப் போகிறீர்கள். நிலவுக் கல்லைப் பற்றியும் ராக்கெட்டின் எரிபொருளைப் பற்றியும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. என்னைவிட நீங்கள் அதிகம் படித்தவர்கள். ஆனால் இந்த வேலையில் பாடத்தில் வராத ஒரு பகுதி இருக்கிறது. கூடத்தில் இருக்கும் எல்லாரும் ஒரே சமயத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து, "இப்ப என்ன செய்றது?" என்று கேட்கும் நேரம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அந்த நேரம் எனக்கு வந்துவிட்டது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. மனிதர்கள் விண்வெளிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் நிலவில் இன்னும் யாரும் இறங்கியிருக்கவில்லை. அப்போது ஒரு வெளிநாட்டு விண்வெளிக் கண்காட்சி ஊர் ஊராகச் சுற்றி சிங்கப்பூருக்கு வந்தது. நகரின் நடுவில் இருந்த ஒரு பழைய அருங்காட்சியகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் அதை வைத்தார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசத் தெரிந்த வழிகாட்டி தேவைப்பட்டதால் என்னை எடுத்துக்கொண்டார்கள். என் வீடு சிராங்கூன் சாலையில், நகைக்கடைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில். லிட்டில் இந்தியா என்கிற பெயரெல்லாம் பிறகு வந்தது. எங்களுக்கு அது தேக்கா. காலையில் பருத்திச் சேலை கட்டி, சட்டையில் குத்தும் பேட்ஜைச் சேலையில் குத்திக்கொண்டு பஸ் ஏறுவேன்.

விண்வெளி உடை ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. பற்பசைக் குழாய் போன்ற ஒன்றில் உணவு இருந்தது. வந்தவர்கள் எல்லாரும், எந்த மொழி பேசினாலும், கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: மேலே போனவர் ஒன்றுக்கு இரண்டுக்கு எங்கே போவார்? படித்தவர்கள் அதையே கடைசியாக, காதோடு காதாகக் கேட்பார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். பிறகுதான் கூட்டம் நிம்மதியாக மற்றதைக் கேட்கும்.

ஒருநாள் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் வந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை, தூய்மையான கைலி. உடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, மேல போயிட்டா தொழுகைக்கு எந்தப் பக்கம் திரும்புறது? மக்கா கீழல்ல இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "தெரியல பாய். உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் வந்து சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அதற்காகவே வந்தார். "பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன்மா. தெசை புரியலன்னா முடிஞ்ச பக்கம் பார்த்துத் தொழுதுக்கலாம்னாரு." அன்று அவருடைய குடும்பமே கூட வந்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் ஒரு வழிகாட்டியின் மரியாதை குறைந்ததை நான் பார்த்ததே இல்லை. கூடியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கூடத்தின் நடுவில் ஒரு விண்கலம் இருந்தது. மேலே போய் வந்ததல்ல, அதே அளவில் பயிற்சிக்காகச் செய்த மாதிரிக்கலம். மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற உருவம், உள்ளே ஒரே ஒரு இருக்கை. அதில் உட்கார முடியாது, முழங்காலை மடக்கி மல்லாந்துதான் படுக்க வேண்டும். படுத்தால் மார்புக்கு நேர் மேலே நுழைவாயில், அதற்குக் கனமான ஓர் உலோகக் கதவு. முகத்துக்கு நேரே ஒரு சிறிய சன்னல். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக ஏறிப் படுத்துப் பார்க்கலாம். தலையில் காதொலிக் கருவி மாட்டிவிடுவோம். அதில் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து பேசும் ஆங்கிலக் குரல் பதிவு ஓடும். பக்கத்தில் என் மேசையில் ஒரு மைக்கும் ஒலிபெருக்கியும் இருந்தன. உள்ளே இருப்பவரோடு நானும் பேசலாம், அவர் பேசுவதும் எனக்குக் கேட்கும். கதவை மட்டும் ஒருபோதும் மூடக் கூடாது என்பது விதி.

அன்று வெளியே நல்ல மழை. மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து கூடம் பிதுங்கியது. வரிசையில் மாணிக்கம் என்கிற பஸ் ஓட்டுநரும் அவர் மனைவி பார்வதியும் நின்றார்கள். மாணிக்கத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அகன்ற தோள், சீராக வாரிய தலை. விண்வெளிச் செய்தி எது வந்தாலும் வானொலியில் விடாமல் கேட்பவர் என்று வரிசையில் நிற்கும்போதே அவர் மனைவி பெருமையாகச் சொன்னார். அவருடைய முறை வந்தபோது, ஏறும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, கதவு மூட மாட்டீங்கல்ல?"

"மூட மாட்டோம் அண்ணே."

இரண்டாவது படியில் நின்று மறுபடியும் கேட்டார். "தொறந்தேதான் இருக்கும்?"

"தொறந்தேதான் இருக்கும்."

அவர் ஏறிப் படுத்தார். காதொலியை மாட்டிவிட்டேன். முகமெல்லாம் சிரிப்பு. நான் மேசைக்குத் திரும்பிப் பதிவை ஓடவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே இடி இடித்தது. வாசல் பக்கம் நின்றவர்கள் உள்ளே நெருக்கினார்கள். கயிறு கட்டியிருந்த கம்பம் சாய, வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் நிலைதடுமாறிக் கதவின் மேல் விழுந்தார்கள். கதவு படாரென்று மூடிக்கொண்டது. விழுந்தவர்களில் ஒருவர் பிடிப்புக்காகக் கைப்பிடியைப் பற்றியிருந்தார். அவர் எழுந்தபோது கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

முதலில் யாரும் பயப்படவில்லை. சிலர் சிரித்தார்கள். "அண்ணன் மேல கெளம்பிட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். சன்னலில் மாணிக்கத்தின் முகம் தெரிந்தது. அவரும் சிரிப்பது போலத்தான் இருந்தது. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோய் முகம் வேறு யாருடையதோ போல ஆனது. உள்ளேயிருந்து கதவை இடிக்கத் தொடங்கினார். உள்ளே இருந்த கைப்பிடி வெறும் காட்சிக்கு ஒட்டியது. அதையும் பிய்த்துவிட்டார். சன்னலில் இரத்தம் பட்டது.

பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அவரு மூடுன எடத்துல இருக்க மாட்டாரு மிஸ். வீட்டுல குளிக்கும்போதுகூடக் கதவச் சாத்த மாட்டாரு. சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவரு. ஜப்பான்காரன் காலத்துல ஜொகூர் தோட்டத்துலேர்ந்து இரும்புப் பெட்டி வண்டியில அடைச்சிக் கொண்டுபோனாங்களாம். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க தொறந்திருக்கும்னு சொன்னீங்கன்னுதான் துணிஞ்சி ஏறினாரு."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காதொலியில் இன்னமும் அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சூடான இரும்புப் பெட்டி, வெளியே சிரிக்கும் முகங்கள், காதுக்குள் புரியாத மொழியில் யாரோ கட்டளை இடுகிறார்கள். அந்த மனிதர் இப்போது சிங்கப்பூரில் இல்லை. கதவைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஓடிப்போய்ப் பதிவை நிறுத்தினேன். சன்னலை மறைத்து நின்றவர்களைப் பின்னால் போகச் சொன்னேன். மூன்று மொழியிலும் சொன்னேன், கத்தாமல் சொன்னேன். நீங்கள் கத்தினால் கூட்டம் ஓடும். தாழ்ந்த குரலில் சொன்னால் என்னவென்று கேட்க நிற்கும்.

அடுத்து, கலத்தின் அடியில் இருந்த காற்றுத் துளையில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சிறிய மின்விசிறி உண்டு. அது ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மைக்கை எடுத்தேன்.

"மாணிக்கம் அண்ணே, நான் விசாலம். படியில நின்னு பேசினேனே, அந்தப் பொண்ணு. உங்களுக்குக் காத்து வருது. நான் கைய வச்சுப் பார்த்துட்டேன்."

இடிப்பது நின்றது. மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் இரைந்தது.

"மூட மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். கூட்டம் சாஞ்சு மூடிக்கிச்சு. கைப்பிடி ஒடஞ்சுபோச்சு. அதான் தொறக்க முடியல."

"எப்பத் தொறப்பீங்க?"

இதற்குள் அருங்காட்சியகத்தின் துணைப் பொறுப்பாளர் வந்து என் பக்கத்தில் நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, ஒரு சொல் அதிகம் பேசாத மனிதர். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கண்காட்சியோடு வந்த தொழில்நுட்பர் டான் என்கிற வெள்ளைக்காரர் மதிய உணவுக்கு ஹோட்டலுக்குப் போயிருந்தார். பொறுப்பாளர் அவருக்குப் போன் செய்துவிட்டுத்தான் வந்தார். "டான் கெளம்பிட்டார். தான் வர்றதுக்குள்ள கதவின் கீலைத் தொடக் கூடாதுன்னு சொல்றார். கீலைக் கழட்டினா மொத்தக் கதவும் உள்ளே இருக்கிறவர் மேலே விழும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் காதருகே, "அஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க. சொன்னா அமைதியா இருப்பார்" என்றார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நாளில் நன்றாக ஒரு மழை பெய்தாலே தாழ்வான சாலைகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும். டான் எப்போது வருவார் என்று பொறுப்பாளருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "எப்பத் தொறக்கும்னு எனக்குத் தெரியல அண்ணே. இதைக் கழட்டத் தெரிஞ்சவரு ஹோட்டல்லேர்ந்து கெளம்பிட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பொறுப்பாளர் என்னை முறைத்தார். பிறகு மாணிக்கம் பேசினார். குரல் நடுங்கினாலும் அது இப்போது ஒரு மனிதரிடம் பேசும் குரலாக இருந்தது.

"அன்னிக்கும் வண்டியில ஏத்தும்போது பக்கத்துலதான்னு சொன்னானுங்க தங்கச்சி. இந்தா வந்துடும், இந்தா வந்துடும்னு. நீங்களாவது தெரியலன்னு சொல்றீங்க."

பொறுப்பாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரலில் வந்த மாற்றம் யாருக்கும் புரியும். அவர் அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பேசவில்லை.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நெருக்கடியில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். இனிமையான பொய் உடனே நாக்கில் வந்து நிற்கும். அந்தப் பொய்க்கு ஆயுள் கம்மி. சொன்ன நேரம் கடந்த அந்த நொடியில் உங்கள் குரலை அவர் நம்புவதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் உண்மையே சொன்னாலும் பயனில்லை. நடந்து முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். நடக்கப் போவதை வாக்குறுதி ஆக்காதீர்கள்.

நேரம் போனது. டான் வரவில்லை. அவருடைய டாக்சி தண்ணீரில் நின்றுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். எந்தத் தடத்தில் பஸ் ஓட்டுகிறார் என்று கேட்டேன். ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லச் சொன்னேன். தோ பாயோவில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகள்வரை சொன்னார். நடுவில் மூச்சு மறுபடி இரையத் தொடங்கியது. உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. விசிறி கொடுத்த காற்று உயிருக்குப் போதும், நிம்மதிக்குப் போதாது. கூட்டத்தில் ஒருவர் எங்கிருந்தோ இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, "சன்னல ஒடச்சிடுவோம்லா, பார்த்துக்கிட்டே நிக்கிறதா?" என்றார். சன்னலுக்கு நேர் பின்னால் மாணிக்கத்தின் கண்கள் இருந்தன. கம்பியை அவரிடமிருந்து நானே வாங்கிக் கீழே வைத்தேன்.

மீதி இருந்த வழி கீல்தான். எங்கள் காட்சிப் பிரிவில் ஆ லியோங் என்று ஒரு தொழிலாளி இருந்தார். கீலைக் காட்டி, கழற்ற முடியுமா என்று மலாயில் கேட்டேன். "போலே" என்றார். முடியும் என்று அர்த்தம். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, கதவு உள்ளே விழுந்தால் தன்னால் பிடிக்க முடியாது என்றார்.

பொறுப்பாளர் குறுக்கே வந்தார். "இது வேற நாட்டு அரசாங்கத்தோட பொருள். டான் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அந்தாள் கால் ஒடிஞ்சா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. காத்திருப்பதிலும் ஆபத்து இருந்தது, கழற்றுவதிலும் ஆபத்து இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவருடைய காலைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தோம். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

"அவரையே கேட்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்தேன்.

"அண்ணே, நல்லாக் கேளுங்க. டான் இன்னும் வரல. மழையில எங்கயோ மாட்டிக்கிட்டாருன்னு நெனக்கிறேன். நாங்க வெளியிலேர்ந்து கதவோட கீலக் கழட்டலாம். கழட்டினா கதவு மொத்தமா உங்க மேல எறங்கும். கனமான கதவு. நீங்க ரெண்டு கையாலயும் முழங்காலாலயும் முட்டுக் கொடுத்தாத்தான் தாங்கும். கை நழுவினா அடிபடும். வேண்டாம்னா, டான் வர்ற வரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கேன். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் யோசித்தார். யோசிக்கிறார் என்பது மூச்சிலேயே கேட்டது. இரைச்சல் குறைந்து நிதானமானது.

"எந்தப் பக்கம் மொதல்ல எறங்கும்?"

"உங்க எடது பக்கம்."

"சரி. நான் சொல்லும்போது கழட்டச் சொல்லுங்க. அதுக்கு முன்ன வேணாம்."

அந்தக் கலத்துக்குள் அடைபட்டுக் கிடந்தவர் போய், வேலை ஒன்றை ஏற்றுக்கொண்ட ஆள் ஒருவர் வந்துவிட்டார். அதை நான் கேட்டேன், பார்வதியும் கேட்டார். அழுதுகொண்டிருந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் அவரு கொரலு" என்றார்.

நான் பொறுப்பாளரைப் பார்த்தேன். "அவர் சம்மதிச்சிட்டார் சார். பொறுப்பு என்னுடையது."

பொறுப்பாளர் கழுத்துப்பட்டையை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படியில் ஏறி, கதவின் இடது ஓரத்தை விரல்நுனிகளால் பற்றிக்கொண்டார். கம்பி கொண்டுவந்த மனிதர் வலது ஓரத்தைப் பிடித்தார். ஆ லியோங் கீலில் திருப்புளியை வைத்தார்.

"இப்பக் கழட்டுங்க" என்றது ஒலிபெருக்கி.

மேல்கீல் எளிதாக வந்தது. கீழ்க்கீலின் கடைசித் திருகு கழன்றதும் கதவு ஒருபக்கமாகச் சரிந்து உள்ளே இறங்கியது. பொறுப்பாளரின் விரல்கள் நழுவின. உள்ளேயிருந்து மாணிக்கம் அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு முழங்கால்களால் அதை எதிர்த்து உந்தினார். அந்த ஓர் உந்தலில் கிடைத்த இடைவெளியில் மூன்று பேர் கையை விட்டுக் கதவை வெளியே இழுத்துவிட்டார்கள். அது தரையில் விழுந்த சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. கலத்தின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. மாணிக்கத்தின் முழங்கால் தோல் உரிந்து, விரல்களில் இரத்தம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் யாரையும் பார்க்கவில்லை. கலத்தை விட்டு இறங்கி, கைதட்டிய கூட்டத்தைக் கடந்து, நேராக வாசலுக்கு வெளியே போய்ப் புல்வெளியில் மழைக்குள் நின்றுவிட்டார்.

டான் நனைந்த காலுறைகளோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் சொல்லை மீறி யார் கழற்றச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பொறுப்பாளர், "நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு கழுத்துப்பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு என்னிடம் திரும்பி, "உள்ளே இருக்கிறவரைக் கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்லை" என்று மெல்லச் சொன்னார். அதோடு சரி, அதைப் பற்றி ஓய்வு பெறும்வரை அவர் மறுபடி பேசியதில்லை. தன்கீழ் வேலை செய்யும் பெண்ணுக்காக ஒரு வெளிநாட்டுக்காரரின் முன்னால் அப்படி நின்ற அதிகாரி அவர். நீங்கள் நாளைக்கு மேலே வந்து பிறருக்குத் தலைமை தாங்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். டானும் நல்ல மனிதர்தான். மாணிக்கத்தின் முழங்காலைப் பற்றித் தெரிந்ததும் கீறலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். அந்தக் கதவை அவர் மறுபடி மாட்டவே இல்லை.

நான் குடையோடு வெளியே போனேன். பார்வதி எனக்கு முன்பே அங்கே போய் நனைந்துகொண்டு நின்றார். மாணிக்கம் முகத்தை மேலே தூக்கி மழையை வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ள வந்து கைக்கு மருந்து போட்டுக்குங்க."

"வர்றேன் தங்கச்சி. கொஞ்சம் நிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நெசமா மேல போறானே, அவனுக்குப் பேச ஆளு உண்டா? இல்ல, தனியாத்தான் கெடப்பானா?"

"உண்டு அண்ணே. கீழேர்ந்து ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பாரு. அவரும் விண்வெளி வீரராத்தான் இருப்பாரு."

"அப்ப சரி" என்றார். மனைவியின் பக்கம் திரும்பினார். "பார்வதி, எங்க வண்டியில மாரின்னு ஒருத்தன் இருந்தான். எனக்குப் பக்கத்துல நின்னான். உன்கிட்ட நான் சொன்னதே இல்ல."

"சொல்லுங்க" என்றார் பார்வதி.

குடையைப் பார்வதியின் கையில் கொடுத்தேன். இருவரும் அதைப் பிடிக்க மறந்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். மாணிக்கம் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். இருபது வருடத்துக்கு மேலாக அவர் யாரிடமும் சொல்லாதது அது. அவருடைய மனைவி மட்டும் கேட்க வேண்டியது.

எனக்கு அங்கே வேலை இல்லை. நான் உள்ளே போனேன். வரிசையில் ஒருவர்கூடக் கலைந்திருக்கவில்லை. முன்னால் நின்ற சீனப் பாட்டி ஒருவர், கதவே இல்லாத அந்த விண்கலத்தைக் காட்டி, இனிமேல் தான் ஏறலாமா என்று மலாயில் கேட்டார்.

ஏறலாம் என்று சொல்லி, படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.